சுவருக்குள் ஒரு சீசன்: இண்டோர் சாக்கர் லீக் எப்படி நடக்கிறது?

கால்பந்து நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அமெரிக்க இண்டோர் சாக்கர் லீக்கின் பழைய சீசன் அட்டவணை ஒன்றைத் திறந்தால் குழம்பித்தான் போவார்கள். ஒரு அணி 52 ஆட்டம் ஆடியிருக்கும், ஆனால் டிரா என்று ஒரு பத்தியே இருக்காது. புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் .538 என்று ஒரு தசம எண் நிற்கும். பக்கத்துப் பத்தி, முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் என்று சொல்லும், நடுச் சீசனில் அதில் அரை ஆட்டமெல்லாம் வரும். கடைசி அணி மட்டும் 26 ஆட்டத்தோடு நின்றுபோயிருக்கும். பிரிவில் முதலிடமே பிடிக்காத ஒரு அணி கோப்பையைத் தூக்கியிருக்கும். இதெல்லாம் ஒரே சீசனில் நடந்தவை: மேஜர் இண்டோர் சாக்கர் லீக்கின் 1986-87 சீசன். எனக்கு மிகவும் பிடித்த சீசனும் அதுதான், அதனால் அதை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டிய அரங்கத்தில் ஆடும் கால்பந்து. ஆட்ட விதி, சீசன் நடக்கும் மாதங்கள், ப்ளேஆஃப், டிக்கெட் பணம், பாதியில் அணிகள் மூடப்படுவது வரை எல்லாமே அந்த அரங்கத்தோடு சம்பந்தப்பட்டவை. ஏன் இப்படி என்று எங்கே கேள்வி வந்தாலும் அந்தக் கட்டிடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

ஃபுட்சல் வேறு, இது வேறு

கூரைக்குக் கீழே கால்பந்து என்றதும் நம் ஊரில் பலருக்கு ஃபுட்சல்தான் ஞாபகம் வரும். 2016 ஜூலையில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில் ப்ரீமியர் ஃபுட்சல் நடந்தபோது ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், ஃபுட்சல் உலகத்தின் ஃபால்காவ் எல்லாம் வந்த அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஃபுட்சல் 1930-களில் உருகுவேயில், மான்டிவிடியோவில் பிறந்தது. மரத்தரை மாதிரி கடினமான தளம், அதிகம் எகிறாத சின்னப் பந்து, அணிக்கு ஐந்து பேர், சுற்றிலும் வெறும் கோடு. பந்து கோட்டைத் தாண்டினால் அவுட், உள்ளே உதைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

இண்டோர் சாக்கரில் அந்தக் கோட்டுக்குப் பதிலாகச் சுவர் இருக்கிறது. ஐஸ் ஹாக்கி மைதானத்தைச் சுற்றி நிற்குமே, அதே பலகைச் சுவர், அதற்கு மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான தடுப்பு. பந்து சுவரில் பட்டால் ஆட்டம் நிற்காது. கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், நேராக அடிக்க வழியில்லாத காயைப் பக்கத்துக் கட்டையில் மோதித் திருப்பி விழுத்துவோமே, அதைத்தான் இங்கே ஓடிக்கொண்டே காலால் செய்கிறார்கள். ஒரு டிஃபெண்டர் முன்னால் நின்று வழியை மறித்தால், பந்தைச் சுவரில் அடித்துவிட்டு அவரைச் சுற்றி ஓடித் தன் பாஸைத் தானே வாங்கிக்கொள்ளலாம். கோலுக்குப் பின்னாலுள்ள சுவரில் வேண்டுமென்றே ஓங்கி அடித்து, அது திரும்பி வரும்போது கோல்கீப்பர் சுதாரிப்பதற்குள் இன்னொருவர் உள்ளே தட்டிவிடுவார். கோல்கீப்பருக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னாலிருந்தும் ஆபத்து வரும்.

ஐந்து நிமிடத்தில் விதிகள்

கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர். மைதானம் சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம், ஐஸ் ஹாக்கி அளவேதான். ஐஸுக்கு மேலேயோ சிமெண்ட் தரையிலோ செயற்கைப் புல் விரிப்பைப் போட்டு ஆடுவார்கள். தலா 15 நிமிடம் என்று நான்கு பகுதிகள். ஆஃப்சைட் கிடையாது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ முழு வேகத்தில் ஓடிவிட்டு, ஒருவர் சுவரைத் தாண்டி பெஞ்சுப் பக்கம் குதிப்பார், அடுத்தவர் களத்துக்குள் குதிப்பார். இந்த வேகத்தில் ஒருவரால் அதற்கு மேல் நின்று ஆட முடியாது.

மூன்று கோடு விதி என்று ஒன்று இருக்கிறது. மைதானத்தின் குறுக்கே நடுக்கோடும், அதற்கு இருபுறமும் ஒவ்வொரு கோடும் போட்டிருப்பார்கள். தன் பக்கத்திலிருந்து உதைத்த பந்து யார் மேலும் படாமல், சுவரிலும் படாமல், காற்றிலேயே மூன்று கோட்டையும் தாண்டி எதிரணிப் பக்கம் போனால் தவறு. இந்த விதி இல்லையென்றால் கோல்கீப்பர் ஒவ்வொரு முறையும் எதிர் கோல் வாசலுக்கே தூக்கி எறிந்துவிடுவார், நடுவில் ஆட்டமே இருக்காது. ரொம்ப நல்ல விதி என்பேன்.

தண்டனை முறையும் ஹாக்கியிலிருந்து வந்ததுதான். பெரிய ஃபவுல் செய்தவருக்கு இன்றைய லீக்கில் நீல அட்டை காட்டுவார்கள், அவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அவர் அணி அதுவரை ஒரு ஆள் குறைவாக ஆடும், எதிரணிக்கு அது பவர் ப்ளே. அதற்குள் கோல் விழுந்துவிட்டால் உட்கார்ந்தவர் திரும்பி வந்துவிடலாம். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டு, ஆறாவது ஆளையும் தாக்குதலுக்கே அனுப்பும். கோல் வாசல் கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கும். பாதி மைதானத்திலிருந்து யாராவது பந்தை அடித்துவிட்டால் முடிந்தது. அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் போல் வெளி மைதானக் கால்பந்தில் நான் எதையும் பார்த்ததில்லை.

இதனாலெல்லாம் கோல் நிறைய விழும். 7-5, 6-4 என்பதெல்லாம் சாதாரண ஸ்கோர். 1-0 என்று ஒரு ஆட்டம் முடிந்தால்தான் செய்தி.

ஏன் குளிர்காலம்?

வட அமெரிக்காவில் வெளி மைதானக் கால்பந்து கோடையில் நடப்பது. குளிர்காலத்தில் பனி கொட்டும், ரசிகர்கள் கூரைக்குக் கீழேதான் உட்காருவார்கள். அப்போது அந்தப் பெரிய அரங்கங்களில் ஐஸ் ஹாக்கியும் கூடைப்பந்தும் நடக்கும், இரண்டும் இல்லாத இரவுகள் காலியாகவே கிடக்கும். அரங்க முதலாளிக்கு அந்தக் காலி இரவுகள் நஷ்டம். அந்த இரவுகளுக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்பதிலிருந்துதான் தொழில்முறை இண்டோர் சாக்கர் வளர்ந்தது.

1974 பிப்ரவரியில் மாஸ்கோவின் செஞ்சேனை அணி, அதாவது சிஎஸ்கேஏ, ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கத்தில் உள்ளூர் ஆட்டம்ஸ் அணியோடு கூரைக்குக் கீழே மோதியது. 11,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். அதை நேரில் பார்த்த எட் டெப்பர் என்பவர், பிறகு ஏர்ல் ஃபோர்மனோடு சேர்ந்து ஒரு லீக் தொடங்கினார். 1978 டிசம்பர் 22-ஆம் தேதி நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நாசோ கொலீசியத்தில் மேஜர் இண்டோர் சாக்கர் லீக்கின் முதல் ஆட்டம். நியூயார்க் ஆரோஸ் அணி சின்சினாட்டி கிட்ஸ் அணியை 7-2 என்று வென்றது. பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸுக்கு சின்சினாட்டி அணியில் பங்கு இருந்தது.

அந்த முதல் சீசனில் ஆறு அணிகள், ஆளுக்கு 24 ஆட்டம். ஆரோஸ்தான் சாம்பியன், அடுத்த மூன்று வருடமும் அவர்களே. அவர்களுடைய பெரிய ஆயுதம் ஸ்டீவ் ஸுங்குல். யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப்பை விட்டு அனுமதி இல்லாமல் அமெரிக்கா வந்தவர், அதனால் பல வருடம் வெளி மைதானத்தில் ஆட அவருக்குத் தடை. வேறு வழியில்லாமல் சுவருக்குள் ஆடினார், ஒரே சீசனில் 100 கோலுக்கு மேல் அடித்தார். ஐரோப்பாவில் ஆடியிருந்தால் என்னவாகியிருப்பார் என்று எனக்கு இன்றும் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டு அவரால்தான் நிமிர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

கூட்டமும் வந்தது. செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸ் அணிக்கு 1981-82-இல் சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 17,000-க்கும் மேல். இருட்டில் ஒளிவெள்ளம் பாய்ச்சி, புகை விட்டு, பாட்டுப் போட்டு வீரர்களை ஒவ்வொருவராக ஓடவிட்டு அறிமுகம் செய்தார்கள். இன்று ஐபிஎல், கபடி லீக் பார்க்கும் நமக்கு அதெல்லாம் புதிதாகத் தெரியாது, ஆனால் அப்போது அது அவர்களுக்குப் புதிது.

ஆட்டம் எத்தனை, நாள் எப்படி

24 ஆட்டத்தில் தொடங்கியது 1986-87-க்குள் 52 ஆகிவிட்டது. ஐரோப்பியக் கால்பந்து ரசிகருக்கு இது மலைப்பாக இருக்கும், இங்கிலீஷ் ப்ரீமியர் லீக்கில் மொத்தமே 38 ஆட்டம்தானே. ஆனால் இங்கே அடிக்கடி ஆள் மாற்றலாம் என்பதால் ஒரு வீரர் ஒரு ஆட்டத்தில் உண்மையில் களத்தில் நிற்கும் நேரம் குறைவு, அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் தாங்கும். அதோடு டிக்கெட்தான் முக்கிய வருமானம். தொலைக்காட்சிப் பணம் பெரிதாக வராத லீக்குக்கு ஒவ்வொரு உள்ளூர் ஆட்டமும் ஒரு நாள் கூலி போலத்தான். ஆட்டம் கூடினால் வருமானம் கூடும் என்பது கணக்கு. பயணச் செலவும் ஹோட்டல் செலவும் அதே வேகத்தில் கூடும் என்பது அந்தக் கணக்கின் மறுபக்கம். பல அணிகளை அதுதான் சாய்த்தது.

நாட்களையும் அணிகள் தம் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. ஹாக்கி அணிக்கும் கூடைப்பந்து அணிக்கும் நாள் கொடுத்தது போக மிச்சம்தான் கிடைக்கும். அதனால் அட்டவணையில் ஒரு அணி வரிசையாக நான்கு ஆட்டம் வெளியூரில், பிறகு வரிசையாக உள்ளூரில் என்று இருக்கும். யாரோ தூக்கத்தில் போட்ட அட்டவணை மாதிரித் தெரியும், காரணம் அந்த வாரம் அரங்கத்தில் சர்க்கஸ் நடந்திருக்கலாம். ஒரு அணி நடுவில் வரிசையாகத் தோற்றிருந்தால் அந்த ஆட்டங்கள் எங்கே நடந்தன என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

அட்டவணையைப் படிப்பது

சரி, அந்த .538-க்கு வருவோம். டிரா கிடையாது என்பதால் (சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம், அதில் முதல் கோல் அடித்தவருக்கு வெற்றி) வெற்றி, தோல்வி இரண்டே நிலைதான். வெற்றிகளை மொத்த ஆட்டத்தால் வகுத்தால் வெற்றி விகிதம். 1986-87-இல் டல்லஸ் சைட்கிக்ஸ் அணி 28 வெற்றி, 24 தோல்வி. 28-ஐ 52-ஆல் வகுத்தால் .538. டகோமா ஸ்டார்ஸ் 35 வெற்றி, 17 தோல்வி, அதாவது .673. பாதிக்குப் பாதி என்றால் .500. அதற்கு மேலே இருந்தால் நல்ல அணி, கீழே இருந்தால் கவலைப்பட வேண்டிய அணி என்று முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பின்தங்கல் பத்திக்கும் கணக்கு சுலபம். இரு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். டகோமாவும் டல்லஸும் வேறு வேறு பிரிவு, இருந்தாலும் கணக்குப் புரிவதற்காகப் போட்டுப் பார்ப்போம்: வெற்றியில் 7 வித்தியாசம், தோல்வியில் 7, கூட்டினால் 14, பாதி 7. டல்லஸ் 7 ஆட்டம் பின்னால். டல்லஸ் வரிசையாக ஏழு ஜெயித்து, அதே நேரம் டகோமா ஏழு தோற்றால் இரண்டும் சமம் என்று அர்த்தம். இருவரும் ஆடிய ஆட்ட எண்ணிக்கை சமமாக இல்லாத நாட்களில்தான் அந்த அரை ஆட்டம் வரும். நடுச் சீசனில் இந்தப் பத்தி ரொம்ப உதவும், ஏனென்றால் ஒரு அணி 30 ஆட்டம் ஆடியிருக்கும், இன்னொன்று 26-தான் ஆடியிருக்கும்.

இந்தக் கணக்கு பேஸ்பாலிலிருந்தும் கூடைப்பந்திலிருந்தும் வந்தது. இன்றைய மேஜர் அரீனா சாக்கர் லீக் வேறு முறையில் புள்ளி கொடுக்கிறது: வழக்கமான நேரத்தில் ஜெயித்தால் 3, கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ ஜெயித்தால் 2, அப்படித் தோற்றால் 1, வழக்கமான நேரத்திலேயே தோற்றால் பூஜ்யம். கடைசி வரை போராடித் தோற்றவருக்கும் ஏதோ கிடைக்கிறது. நியாயமாகத்தான் தோன்றுகிறது எனக்கு.

பழைய பக்கங்களைப் படிக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். நேஷனல் ப்ரொஃபஷனல் சாக்கர் லீக் என்று 1990-களில் ஒரு இண்டோர் லீக் இருந்தது. அங்கே எல்லாக் கோலும் ஒரே மதிப்பு கிடையாது, தூரத்திலிருந்து அடித்தால் 3 புள்ளி, வழக்கமான கோலுக்கு 2, சில வகைக் கோலுக்கு 1. ஸ்கோர் 20-ஐத் தாண்டும். அந்தக் காலத்து வீரரின் சீசன் புள்ளிகளை 1980-களின் வீரரோடு ஒப்பிட்டு யார் பெரியவர் என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. இப்போதைய லீக்கில் கோல் என்றால் ஒன்றுதான்.

ப்ளேஆஃப்: அங்கேதான் சீசன் முடிகிறது

ஐரோப்பாவில் லீக்கில் முதலிடம் என்றால் அதுவே சாம்பியன். அமெரிக்காவில் லீக் கட்டம் என்பது ப்ளேஆஃபுக்கு யார் போவது, எந்த ஆட்டம் யாருடைய ஊரில் என்று முடிவு செய்வதற்கு மட்டும்தான். நம்முடைய ஐபிஎல்லும் ப்ளேஆஃப் வைப்பதால் இது நமக்குப் பழக்கம்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்த லீக்கில் ஒரே ஆட்டத்தில் முடிக்க மாட்டார்கள், ஐந்தில் மூன்று, ஏழில் நான்கு என்று தொடராக ஆடுவார்கள். அதே இரண்டு அணிகள் இரண்டு வாரம் திரும்பத் திரும்ப மோதும். முதல் ஆட்டத்தில் வேலை செய்த தந்திரம் மூன்றாவதில் வேலை செய்யாது, எதிராளி கற்றுக்கொண்டிருப்பார். ஒரு கோல்கீப்பர் நல்ல ஃபார்மில் இருந்தால் மொத்தத் தொடரையே திருப்பிவிடுவார்.

1987-இன் இறுதித் தொடர் இதற்கு நல்ல உதாரணம். டல்லஸ் சைட்கிக்ஸ் அதற்கு இரண்டு சீசன் முன்பு வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்ட அணி. 1986-87-இல் பயிற்சியாளர் கோர்டன் ஜாகோவின் கீழ் சுமாராக முன்னேறினார்கள், அவ்வளவுதான். அவர்களிடம் டாட்டு என்ற பிரேசில்காரர் இருந்தார், அந்த சீசனின் சிறந்த வீரர் அவர்தான். கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிவார், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு சட்டை. எதிரில் டகோமா ஸ்டார்ஸ், 35 வெற்றியோடு வந்த அணி. ஆரோஸின் அந்தப் பழைய ஸுங்குல் இப்போது இவர்கள் பக்கம், கூடவே பிற்பாடு அமெரிக்க அணிக்கே ஆடிய ப்ரெகி.

நான்கு ஆட்டம் முடிந்தபோது டகோமா 3-1 என்று முன்னிலை. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை. டல்லஸ் ஐந்தாவதை ஜெயித்தது, ஆறாவதையும் ஜெயித்தது. ஏழாவது ஆட்டம் டகோமா டோமில், ஜூன் மாதம், 21,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னால். வழக்கமான நேரம் 3-3. கூடுதல் நேரத்தில் மார்க் கார்புன் அடித்த கோலோடு ஆட்டமும் தொடரும் சீசனும் ஒரே நொடியில் முடிந்தன, 4-3. லீக் கட்டத்தை .538-ஓடு முடித்த அணி, ஜூனில் சாம்பியன். லீக் அட்டவணையை மட்டும் பார்த்து ஒரு சீசனை எடை போடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டுமா?

இதன் அருமை புரிய இன்னொன்றும் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் சான் டியாகோ சாக்கர்ஸ் என்று ஒரு அணி, பயிற்சியாளர் ரான் நியூமன். 1982-இலிருந்து 1992 வரை பதினொரு குளிர்காலத்தில், வட அமெரிக்க சாக்கர் லீக் என்ற வேறொரு லீக்கின் இண்டோர் பட்டங்களையும் சேர்த்து, பத்து முறை அவர்களே சாம்பியன். விட்டுப்போன அந்த ஒரே வருடம் 1987.

26 ஆட்டத்தோடு நின்ற அணி

மகிழ்ச்சியில்லாத பகுதிக்கு வந்துவிட்டோம், ஆனால் இதைச் சொல்லாமல் இந்த விளையாட்டின் சீசனை விளக்க முடியாது. அந்த அட்டவணையின் அடியில் இருப்பது நியூயார்க் எக்ஸ்பிரஸ். 3 வெற்றி, 23 தோல்வி. 1987 பிப்ரவரியில் பணம் தீர்ந்து, சீசன் பாதியிலேயே அணி மூடப்பட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, பெலே ஆடிய புகழ்பெற்ற காஸ்மாஸ் அணியே இந்த லீக்குக்கு வந்து, 1985 பிப்ரவரியில் பாதியில் விலகியது.

ஒரு அணி நடுவில் போனால் லீக் என்ன செய்யும்? அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவு அப்படியே நிற்கும், மிச்சமிருந்த ஆட்டங்கள் ரத்தாகும், மற்ற அணிகளின் அட்டவணையைத் திருத்திப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். வீரர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு வேலை கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. சீசன் டிக்கெட் வாங்கிய ரசிகரின் நிலையும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாராவாரம் வந்த குடும்பத்தின் நிலையும் எந்த அட்டவணையிலும் பதிவாகாது. எனக்கு இந்த வரிகளைப் படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும்.

1988 கோடையில் வீரர்களின் சம்பள வரம்பு பற்றி லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் பெரிய தகராறு. கிளீவ்லாந்து, சிகாகோ, மினசோட்டா, ஒரு காலத்தில் 17,000 பேர் பார்த்த செயின்ட் லூயிஸ் உட்பட ஒரே கோடையில் நான்கு அணிகள் போயின. லீக் தன் பெயரை மாற்றிக்கொண்டும் பார்த்தது, கடைசியில் 1992-இல் மூடியது. அதற்குப் பிறகு அதே பெயரில் 2001-இல் ஒரு லீக், அது 2008-இல் நின்ற பிறகு மறுபடி அதே பெயரில் இன்னொரு லீக். ஆகவே மேஜர் இண்டோர் சாக்கர் லீக் என்று படித்தால் எந்த வருடம் என்று முதலில் பாருங்கள், மூன்றும் சட்டப்படி வேறு வேறு லீக்குகள். அணிகளின் பெயரும் இப்படித்தான் மறுபடி மறுபடி உயிர்பெறும், இன்றைய சான் டியாகோ சாக்கர்ஸ் அந்தப் பழைய அணியின் பெயரையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது. தொடர்ச்சி வேண்டுமென்றால் மில்வாக்கி வேவ் அணியைப் பாருங்கள், 1984-இல் தொடங்கி லீக் மாறி லீக் மாறி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சூப்பர் ஸ்டார்கள் யாரும் நினைவுக்கு வராத அணி, ஆனால் என் மதிப்பில் இந்த விளையாட்டின் முதுகெலும்பு அதுதான்.

இன்று பார்க்க வேண்டுமென்றால்

2014-இலிருந்து இந்தப் பக்கம் மேஜர் அரீனா சாக்கர் லீக். சீசன் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ தொடங்கி வசந்தம் வரை போகும். வழக்கமாக அணிக்கு 24 ஆட்டம், பெரும்பாலும் வார இறுதியில், ஏனென்றால் கூட்டம் அப்போதுதான் வரும். பழைய 52-இலிருந்து பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டதால்தான் செலவைத் தாங்க முடிகிறது என்று நினைக்கிறேன். மெக்ஸிகோவிலிருந்தும் அணிகள் வந்தன, முதல் சீசனிலேயே மான்டெரி ஃபிளாஷ் சாம்பியன். 2023-இலும் 2024-இலும் சிவாவா சாவேஜ். நடுவில் பால்டிமோர் பிளாஸ்ட் 2016 முதல் 2018 வரை மூன்று முறை வரிசையாக. கோப்பைக்கு அந்த ரான் நியூமனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2019-20 சீசனுக்கு மட்டும் சாம்பியன் கிடையாது, கொரோனாவால் மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த லீக்கின் ப்ளேஆஃபில் சில சீசன்களில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், ஆளுக்கு ஒன்று ஜெயித்தால், இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு அதே இரவில் அதே மைதானத்தில் 15 நிமிடக் குட்டி ஆட்டம் ஒன்று, அதில் ஜெயிப்பவருக்கு எல்லாம். மூன்றாவதாக ஒரு நாள் அரங்கம் எடுப்பதும், ஒரு அணி திரும்பப் பயணம் செய்வதும் செலவு, அதனால் வந்த யோசனை இது. களைத்துப்போன வீரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் அந்த 15 நிமிடம் பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒரு முழு சீசனின் உழைப்பை இப்படிக் கால் மணி நேரத்தில் தீர்ப்பது எனக்குப் பிடிக்காது, மூன்றில் இரண்டு என்று முழு ஆட்டம் வைப்பதுதான் முறை.

முதல் முறை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பந்தையே துரத்திக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். முதல் பகுதியில் பெஞ்சைப் பாருங்கள், யார் யாருக்காக இறங்குகிறார், எந்த மூவர் எப்போதும் சேர்ந்தே களத்துக்குப் போகிறார்கள் என்று. இரண்டாவது பகுதியில் கோலுக்குப் பின்னாலுள்ள சுவரைப் பாருங்கள், யார் தவறவிட்டு அடிக்கிறார், யார் வேண்டுமென்றே அடிக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வந்துவிடும். அப்புறம் நீல அட்டை எப்போது வருகிறது என்று கவனியுங்கள், அந்த இரண்டு நிமிடத்தில் நான்கு பேர் ஐந்து பேரை எப்படி மறிக்கிறார்கள் என்பதில்தான் பயிற்சியாளரின் வேலை தெரியும். அட்டவணையைத் திறக்க ஐந்தாறு வாரம் பொறுங்கள், அதற்கு முன்னால் அணிகள் சமமாக ஆடியிருக்காது, எண்கள் எதையும் சொல்லாது.